ஒரு கை, இரண்டு கை, மூன்று கை

தாம்பரம், சேலையூர் பக்கம் போர் தண்ணீரில் குளித்தவர்களுக்குத் தெரியும். சோப்பு தேய்ந்துகொண்டே போகும், நுரை மட்டும் வராது. பக்கெட்டில் பால் திரிந்த மாதிரி வெள்ளையாக ஏதோ மிதக்கும். ‘உப்புத் தண்ணி, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். டீ ஆறுவதற்குள் அந்தப் பேச்சைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போமா?

அபார்ட்மென்ட்களில் இதைச் சரிசெய்ய சாஃப்ட்னர் வைக்கிறார்கள். அதற்கு மூட்டை மூட்டையாக என்ன கொட்டுகிறார்கள்? சாப்பாட்டு உப்பையேதான்! உப்பு குற்றவாளி என்றால் உப்பைக் கொட்டி நுரையை வரவழைக்க முடியுமா? அந்த எந்திரம் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு அந்த உப்பிலிருந்து பெற்ற சோடியத்தை விடுகிறது. அவ்வளவுதான்.

வித்தியாசம் சுவையில் இல்லை, கைகளில் இருக்கிறது. சோப்பு மூலக்கூறின் தலையில் எதிர் மின்னேற்றம் உண்டு. ஒரே மின்னேற்றம் என்பதால் அவை ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும். தண்ணீரில் கரைந்த உலோகம் அயனியாக, அதாவது நேர் மின்னேற்றம் ஏறிய அணுவாகத் திரிகிறது. அந்த மின்னேற்றத்தைத்தான் கை என்கிறேன். சோடியத்துக்கு ஒரு கை. ஒரு தலையைத் தொட்டுவிட்டுப் போய்விடும். கால்சியத்துக்கு இரண்டு கை. இரண்டு தலைகளைச் சேர்த்துப் பிடிக்கும். திரிவது அதனால்தான்.

இப்போது சோப்புக்குப் பதிலாக ஒரு மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்வோம். பூவுக்குப் பூ எதிர் மின்னேற்றம். புறஊதா ஒளி பட்டால் சரமே ஒளிரும். இப்படிப்பட்ட பாலிமர்களை ஆய்வகத்தில் செய்கிறார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கிர்க் ஷான்ஸியின் குழு 2006-இல் அப்படியொரு பாலிமரை மெத்தனாலில் கரைத்துக் கால்சியம் சேர்த்தது. சரங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன, ஒளி மங்கியது.

மங்கியதற்குச் சரம் அறுந்தது காரணமல்ல. வாங்கிய ஒளியாற்றல் சரத்தின் வழியே ஓடும். சரங்கள் ஒட்டிக்கொண்டால் பக்கத்துச் சரத்துக்கும் தாவும். ஒளியை அணைக்கும் மூலக்கூறு ஒன்று எங்கேயாவது உட்கார்ந்தால் போதும், திருவிழா சீரியல் பல்பில் ஒன்று போனால் வரிசையே இருள்வதுபோல் சுற்றியிருக்கும் பலவும் அணையும். இதில் ஒரு லாபம் உண்டு. நீரிலோ ரத்தத்திலோ துளியளவே இருக்கும் பொருளைக் கண்டுபிடிக்க இந்தக் கூட்டு இருட்டு உதவும்.

மூன்று கை உள்ள உலோகமும் உண்டு. தோல் பதனிடும் குரோமியம் அந்த வகை. தோலின் கொலாஜன் புரத இழைகளிலும் எதிர் மின்னேற்ற இடங்கள் இருக்கின்றன. குரோமியம் அவற்றைப் பிடித்து இழைகளைப் பிணைப்பதால்தான் தோல் அழுகாமல் செருப்பாகிறது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் அந்த முறையில் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனி ஒன்று இருந்தது. குரோம்பேட்டை என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.