கைபேசி நிலையங்களில் மின்சாரச் சிக்கனம்

மும்பையின் கிழக்குப் புறநகர்களுள் விக்ரோலியும் ஒன்று. அதன் மேற்கே குன்றுச் சரிவுகளில் குடியிருப்புகள் நெருங்கியுள்ளன. நடுவே மத்திய ரயில்வேயின் இருப்புப்பாதை செல்கின்றது. கிழக்கே கோத்ரெஜ் தொழிற்கூடங்களும், அவற்றிற்கப்பால் தாணே கழியை ஒட்டிய கண்டற்காடும் அமைந்துள்ளன. காலையில் இவ்வூரின் பேச்சும் செய்தியும் ரயில் நிலையத்தைச் சூழ்ந்திருக்கும். பகலில் தொழிற்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் நகரும். இரவில் வீடுகளுக்குத் திரும்பும். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். புறநகர் ரயில் வண்டிகள் அந்நேரத்தில் பணிமனைகளில் நிற்கின்றன. ஆனால் கூரைகளின்மீது நிற்கும் கைபேசி நிலையங்களோ, பேசுவார் எவரும் இல்லாதபோதும் மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கின்றன.

இவ்வுண்மையை அளந்து காட்டியது, 2010ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் தொடங்கப்பெற்ற ‘எர்த்’ என்னும் கூட்டு ஆராய்ச்சித் திட்டமாகும். அக்காலத்துப் பெரிய நிலையம் ஒன்றின் ஓர் அலைபரப்பி, 20 வாட் சக்தியை வானில் வீசும்பொழுது ஏறத்தாழ 224 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் என அத்திட்டத்தினர் கணித்தனர். வானிற் செல்வது பதினொன்றில் ஒரு பங்குதான், எஞ்சியது வெப்பமாகின்றது. அவ்வெப்பத்தை அகற்றவும் மின்சாரம் தேவை. இதனினும் வியப்பானது மற்றொன்று: அலைபரப்பி எதனையும் வீசாமல் வெறுமனே காத்திருந்தாலும் 130 வாட் செலவாகின்றது. வேலை முற்றிலும் நீங்கியும் செலவு பாதிகூடக் குறையவில்லை. சுமையில்லாத மாட்டுவண்டிக்கும் மாடுகளுக்குத் தீனி போட்டாக வேண்டியிருப்பதைப் போன்றது இது.

காரணம் இரண்டு. முதலாவது, அலையை வலுப்படுத்தும் பெருக்கி. அது எக்கணத்திலும் பணிக்கு ஆயத்தமாக இருக்கவேண்டி, அதனூடே மின்னோட்டம் ஓயாது பாய்ந்துகொண்டிருக்கின்றது. 1936ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த டோஹர்ட்டி என்பவர், வானொலி ஒலிபரப்பிகளின் பொருட்டு ஓர் உபாயம் கண்டார். குறைந்த சக்திக்கு ஒரு பெருக்கி. சக்தி மிகும்போது மட்டும் துணைக்கு மற்றொன்று. அவ்வுபாயம் இன்றைய கைபேசி நிலையங்களிலும் கையாளப்படுகின்றது. இரண்டாவது காரணம், நிலையம் தன் இருப்பை இடைவிடாது அறிவிக்க வேண்டியிருப்பது. நான்காம் தலைமுறை முறையில், ஆயிரத்தில் ஒரு விநாடிக்கொருமுறை அடையாளக் குறிகள் அனுப்பப்பெறுகின்றன. கேட்பார் இல்லாவிடினும் அவை நிற்பதில்லை. ஐந்தாம் தலைமுறையில் நிலையத்தைத் தேடும் கைபேசி, அறிவிப்பு ஆயிரத்தில் இருபது விநாடிக்கொருமுறை வரும் என்றே எதிர்பார்க்கின்றது. இவ்விடைவெளிகளில் பெருக்கி சற்றே கண்ணயரலாம்.

அலைபரப்பியை உறக்கநிலையில் வைத்தால் செலவு 75 வாட் ஆகும் என்பது அதே திட்டத்தின் கணக்கு. ஆறு அலைபரப்பிகள் கொண்ட நிலையமொன்றில், நான்கை இரவில் ஐந்து மணி நேரம் உறங்கவிடுவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 55 வாட் மிஞ்சும். நான்கிற்கு 220 வாட். ஓரிரவில் 1.1 யூனிட்; ஓராண்டில் ஏறத்தாழ 400 யூனிட். இஃது அற்பமாகத் தோன்றலாம். நிலையங்களின் எண்ணிக்கையால் பெருக்கினாலன்றி அதன் அளவு விளங்காது. மேலும் மின்வழங்கல் தடைப்படும் சிற்றூர்களில் மிஞ்சும் ஒவ்வொரு யூனிட்டும் டீசல் மிச்சமாகும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2011ஆம் ஆண்டில் இதுபற்றிப் பரிந்துரைகளை வெளியிட்டது. அதன்பின் 2012இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, சூரிய சக்தி முதலியவற்றைக் கலந்து பயன்படுத்தும் கோபுரங்கள் 2015ஆம் ஆண்டிற்குள் கிராமங்களில் பாதியாகவும் நகரங்களில் ஐந்தில் ஒன்றாகவும் இருத்தல் வேண்டுமென இலக்கு வகுத்தது. சூரியத் தகடு எத்துணைப் பெரிதாக வேண்டும் என்பதை முடிவு செய்வதும் நிலையத்தின் பசியே.

எவற்றை உறங்கவிடுவது? 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் அலைகள் நெடுந்தொலைவு செல்லும். சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். 3,300 மெகாஹெர்ட்ஸ் போன்றவை மிகுந்த செய்தியைச் சுமக்குமாயினும் தொலைவு செல்லமாட்டா. ஆகவே தாழ்ந்தவற்றை விழித்திருக்கச் செய்து, உயர்ந்தவற்றை உறங்கவிடுவதே பொதுவான முறை. உறங்கும் அளவும் எழும் அளவும் ஒன்றாக இருத்தல் ஆகாது. இருந்தால், அவ்வெல்லையில் நிற்கும் நிலையம் உறங்குவதும் எழுவதுமாகத் தத்தளிக்கும். போக்குவரத்து மிகவும் தாழ்ந்த பின்னரே உறங்கவும், நன்கு உயர்ந்த பின்னரே எழவும் வேண்டும். முழு நிலையத்தையே நிறுத்திவிட்டால் வேறொரு தீங்கு உண்டு. அருகிலுள்ள நிலையத்தை எட்டவேண்டி, கைபேசி தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். நிறுவனத்தின் சிக்கனம் மக்களின் மின்கலத்தில் செலவாக ஏறுவது சிக்கனமாகாது.

கடிகாரத்தை மட்டும் நம்பி உறங்கவிடுவதும் தவறு. அனந்த சதுர்த்தசியன்று பிள்ளையார் ஊர்வலங்கள் மும்பைத் தெருக்களை விடியும்வரை நிறைத்திருக்கும். அன்று நள்ளிரவே உச்சவேளை. இதனினும் கொடியதோர் இரவை விக்ரோலி கண்டுள்ளது. 2021ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், விடியுமுன், கனமழையில் சூர்யநகர்ப் பகுதியின் சரிவில் மண் சரிந்து வீடுகளை மூடியது, பலர் மாண்டனர். அவ்விரவே செம்பூரிலும் சுவரிடிந்து பலர் உயிரிழந்தனர். அழைப்புகள் மிகக் குறைவாயிருக்கும் அவ்வேளையில்தான் ஒரே இடத்திலிருந்து பலர் உதவிக்கு அழைக்கவேண்டியிருந்தது. விழித்திருக்கும் அலைபரப்பி முதல் அழைப்புகளை ஏற்கும். எனினும் உறங்குபவை விரைந்து எழாவிடில், பின்வரும் அழைப்புகள் நெரிசலில் சிக்கும். வானிலை எச்சரிக்கை வெளியான இரவுகளில், குன்றுச் சரிவுகளை அடுத்த நிலையங்களின் உறக்கத்தை நிறுத்திவைப்பதே முறை. அதனால் இழப்பது நிலையத்திற்கு ஓரிரவில் ஒரு யூனிட்டே.

இதே உறக்கம் வேறொரு விபத்தில் உதவிக்கு வருவதும் உண்டு. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் காலையில் மும்பை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய நேரங்களில் நிலையத்தைத் தாங்குவன மின்கலங்களே. ஆறு அலைபரப்பிகளும் விழித்துக் காத்திருந்தால் செலவு 780 வாட். நான்கு உறங்கினால் 560 வாட். முன்னதை நான்கு மணி நேரம் தாங்கும் மின்கலம், பின்னதை ஐந்தரை மணி நேரம் தாங்கும்.