மலேரியா மாத்திரையும் நுரையீரல் பூஞ்சையும்

ஊரில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த குளோரோகுயின் மாத்திரையின் கசப்பு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1934-ல் ஜெர்மனியில் உருவான இந்தப் பழைய மருந்து, நுரையீரலைத் தாக்கும் பூஞ்சையையும் அடக்குமா என ஆராய்ந்திருக்கிறார்கள். அதுவும் நாம் வசிக்கும் ஒஹாயோ ஆற்றுப் பகுதியிலேயே, சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில்!

ஹிஸ்டோபிளாஸ்மா என்ற இந்தப் பூஞ்சை, ஒஹாயோ, மிசிசிப்பி ஆற்றுப் பகுதிகளில் பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் வளர்கிறது. பழைய கோழிக் கொட்டகையையோ வௌவால் அடைந்த பரணையோ சுத்தம் செய்யும்போது தூசியோடு மூச்சில் நுழைகிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்குக் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி வரும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு உடல் முழுதும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்களுக்குள்ளேயே இந்தப் பூஞ்சை குடியேறிப் பெருகுகிறது. பெருக அதற்கு இரும்பு தேவை. புரதத்தோடு ஒட்டியிருக்கும் இரும்பு பிரிந்து வர, அணுவுக்குள் அமிலத்தன்மை வேண்டும். குளோரோகுயின் அந்த அமிலத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. இரும்பு கிடைக்காத பூஞ்சையை வெள்ளணு கொன்றுவிடுகிறது. 1994-ல் வெளியான இந்த ஆய்வில், மனித அணுக்களில் மட்டுமன்றி எலிகளிலும் பலன் தெரிந்தது.

ஆனால் இது மனிதருக்கான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. நோய் கடுமையானால் டாக்டர்கள் தருவது இட்ரகோனசோல், ஆம்ஃபோடெரிசின் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகளே. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை பெட்டியில் இருக்கிறதே என்று நாமாக விழுங்கக் கூடாது. அளவு மீறினால் இதயம் நின்றுவிடலாம். நீண்டநாள் சாப்பிட்டால் கண்ணின் விழித்திரை கெடலாம். குழந்தைகளுக்கு ஓரிரு மாத்திரையே ஆபத்து.

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எக்ஸ்ரேயில் இந்த நோய் காசநோயைப் போலவே தோன்றும். நாம் பிறந்த நாட்டைக் கேட்டதும் டாக்டருக்குக் காசநோய்ச் சந்தேகமே முதலில் வருவது இயல்பு. ஆகவே இருமல் நீடித்தால், கொட்டகையோ பரணோ சுத்தம் செய்ததை மறக்காமல் சொல்லுங்கள். "ஹிஸ்டோபிளாஸ்மாவாக இருக்குமா?" என்றும் கேளுங்கள். சிறுநீர், இரத்தப் பரிசோதனைகள் இதைக் கண்டறிய உதவும்.

எச்சம் கிடக்கும் இடத்தை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, தகுந்த முகமூடி அணிந்தே அள்ளுங்கள். நிறையச் சேர்ந்திருந்தால் அதற்கென உள்ள ஆட்களை அழைப்பதே நல்லது.