தேய்த்தால் போகாத கருமை

எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கும் நாளில் பிள்ளையின் பின்கழுத்தில் நிற்கும் கருமையோடு மல்லுக்கட்டாத அம்மாக்கள் குறைவு. கடலை மாவு, எலுமிச்சைத் தோல், சில வீடுகளில் பீர்க்கங்கூடு. "கழுத்தப் பாரு, எவ்வளவு அழுக்கு! ஒழுங்கா குளிக்கிறியா இல்லையா?" என்று திட்டும் சேர்ந்து விழும். தோல் எரிந்து சிவக்கும். கருமை மட்டும் அப்படியே இருக்கும்.

அது அழுக்கு இல்லை. மருத்துவர்கள் அதை அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்கிறார்கள். உடலில் கொழுப்பு மிகும்போது இன்சுலினின் பேச்சைத் தசையும் கல்லீரலும் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. அளவுக்கு மிஞ்சிய அந்த இன்சுலின் தோலின் செல்களையும் வளரத் தூண்டுவதால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் தடித்துக் கருக்கிறது. எடை கூடிய பத்து வயதுப் பிள்ளையின் கழுத்தில் அது தெரிந்தால், சர்க்கரை நோய் வாசல்வரை வந்திருக்கலாம் என்று அர்த்தம். ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டிய பிள்ளையை, சோம்பேறி என்றும் சுத்தமில்லாதவன் என்றும் நாம் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

குழந்தைப் பருவ உடல் பருமனில் நாம் செய்யும் எல்லாத் தவறுகளும் இந்த மாதிரிதான் இருக்கின்றன. உடலுக்குள் நடப்பதைக் குணக்கேடாகப் பார்க்கிறோம். பிறகு அந்தக் குணத்தைத் திருத்துவதாக நினைத்துக் குழந்தையைக் காயப்படுத்துகிறோம். காயப்பட்ட குழந்தையின் எடை குறைவதில்லை, கூடுகிறது.

இது ஏதோ நாலைந்து வீட்டுப் பிரச்சினை இல்லை. 'லான்செட்' இதழில் 2024இல் வெளியான உலகளாவிய ஆய்வின் கணக்குப்படி, 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் இந்தியாவில் 2022இல் சுமார் 1.25 கோடி. 1990இல் அது 4 லட்சம் அளவில்தான் இருந்தது. சென்னையில் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், சர்வதேச அளவுகோலின்படி தனியார் பள்ளி மாணவர்களில் 21.4 சதவீதம் பேருக்கு அதிக எடையோ பருமனோ இருந்தது. அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம். ஒரே ஊரில் இத்தனை வித்தியாசம்! வசதியோடு வருகிற நோய் என்று அன்று சொல்ல முடிந்தது. பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும் இருபது ரூபாய் குளிர்பானமும் கிராமத்துப் பெட்டிக்கடைவரை தொங்கும் இன்று, அந்த ஆறுதல் எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று தெரியவில்லை.

நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஞ்னிக்கும் அவர் குழுவும் அங்கே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எலும்பும் தசையும் அவ்வளவு குறைந்திருந்த நம் குழந்தைகளிடம், தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் எச்சரிக்கைக் கோடுகளைச் சர்வதேச அளவைவிடக் கீழேயே வரைந்தார்கள். நம் கண்ணுக்கு 'கொஞ்சம் பூசினாப்ல' தெரிகிற பிள்ளை, அந்த அட்டவணையில் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருக்கக்கூடும்.

ஆனால் எந்த வீட்டில் அதைச் சொல்ல முடியும்? கொழுகொழுவென்று இருந்தால் 'அமுல் பேபி' என்று கன்னத்தைக் கிள்ளுவோம், திருஷ்டிப் பொட்டு வைப்போம். பேரன் ஒரு தோசையோடு எழுந்தால் அப்பத்தாவுக்கு மனசு ஆறாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஞ்சத்தையும் ரேஷன் வரிசையையும் பார்த்தவர்கள், வயிற்றுப்போக்கில் ஒரே வாரத்தில் வற்றிப்போன பிள்ளைகளைப் பார்த்தவர்கள். சதைப்பிடிப்பு என்பது அவர்கள் காலத்தில் பிழைத்துக்கொள்வதற்கான கையிருப்பு. காலம் மாறியதை அன்போடு எடுத்துச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

உடலுக்குள் நடப்பது பெரும்பாலும் சத்தமில்லாதது. கல்லீரலில் கொழுப்பு படிவது வலிக்காது. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். அமெரிக்காவின் லூசியானாவில் போகலூசா என்ற ஊரில் ஜெரால்டு பெரன்சன் 1973இல் தொடங்கிய இதய ஆய்வு, விபத்து போன்றவற்றில் இறந்த சிறுவர்கள், இளைஞர்களின் ரத்தக் குழாய்களைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்தது. நாற்பது வயதுக்கு மேல் வரும் என்று நினைத்திருந்த கொழுப்புப் படிவுகளின் தொடக்கம் சிறு வயதிலேயே அங்கே இருந்தது. எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாம் சேரச் சேரப் படிவும் கூடியிருந்தது.

சத்தம் போடுகிற நோய்களையும் நாம் தவறாகக் கேட்கிறோம். பன்னிரண்டு வயதுப் பையன் முட்டி வலிக்கிறது என்று நொண்டுகிறான். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் இருக்காது. "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறான்" என்று முடித்துவிடுவார்கள். கோளாறு இடுப்பில் இருக்கும். வளரும் வயதில் தொடை எலும்பின் தலைப்பகுதி, எடை தாங்காமல் வளர்ச்சித் தட்டில் நழுவிவிடுகிறது. இடுப்பின் வலி முட்டியில் தெரிவது இதன் வழக்கம். உடனே கண்டுபிடித்து ஸ்க்ரூ வைத்து நிறுத்தாவிட்டால் அந்தக் கால் ஆயுளுக்கும் சேதப்படலாம். எடை கூடிய பிள்ளை முட்டி வலி என்றால் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

குறட்டையும் அப்படித்தான். "அசந்து தூங்குறான்" என்று மகிழ்கிறோம். தொண்டையில் மூச்சு அடைபட்டு இரவில் பலமுறை தூக்கம் கலைகிற பிள்ளையாக அது இருக்கலாம். காலையில் தலைவலி, வகுப்பில் தூக்கம், கவனமின்மை, சிலருக்குப் படுக்கையில் சிறுநீர். இதற்கும் 'மந்தம்' என்ற பட்டம்தான் கிடைக்கிறது. எடை கூடிய பெண் குழந்தைகள் சிலர் சீக்கிரமே வயதுக்கு வந்துவிடுகிறார்கள். பின்னால் மாதவிடாய் தவறுகிறது, முகத்தில் முடி வருகிறது. பையன்களுக்கு மார்பில் சதை. கிணற்றுக் குளியலுக்கும் சட்டையைக் கழற்றி நுழைய வேண்டிய கோயிலுக்கும் வர மறுக்கும் பையனிடம் காரணம் கேட்டால் சொல்ல மாட்டான்.

மனதின் பாதிப்பு அங்கேதான் தெரியத் தொடங்குகிறது. 1961இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பத்து, பதினொரு வயதுக் குழந்தைகளிடம் ஆறு படங்களைக் கொடுத்து, யாரைப் பிடிக்கிறது என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். எந்தக் குறையும் இல்லாத குழந்தை, ஊன்றுகோலோடு ஒன்று, சக்கர நாற்காலியில் ஒன்று, கை இல்லாத ஒன்று, முகத்தில் தழும்புள்ள ஒன்று, பருமனான ஒன்று. கடைசி இடம் பருமனான குழந்தைக்குக் கிடைத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே சோதனையை மறுபடி நடத்தியபோது வெறுப்பு குறையவில்லை, கூடியிருந்தது. சான் டியேகோவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு இதைவிட உலுக்குகிறது: கடும் பருமனுள்ள குழந்தைகள் தங்கள் வாழ்க்கைத் தரத்துக்குக் கொடுத்த மதிப்பெண், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள் கொடுத்ததற்குச் சமமாக இருந்தது. புற்றுநோய் வந்த பிள்ளையைப் பார்த்து எந்தத் தெருவும் சிரிப்பதில்லை.

நம் ஊரில் அந்தச் சிரிப்புக்குப் பெயர்கள் ஏராளம். குண்டு, தடியா, பூசணி, பீப்பா. சினிமாவில் குண்டுப் பையன் வந்தாலே நகைச்சுவைக் காட்சிதான். கல்யாண வீட்டில் நலம் விசாரிக்கும் அத்தை "என்னடி, இன்னும் ஊதிட்ட?" என்பதோடுதான் தொடங்குகிறார். திருத்துவதற்காகத்தானே சொல்கிறோம் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகளைத் தொடர்ந்த தரவுகளை வைத்து 2014இல் வந்த ஆய்வில், பத்து வயதில் "நீ ரொம்ப குண்டு" என்று யாரிடமாவது கேட்ட சிறுமிகள் பத்தொன்பது வயதில் பருமனாக இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அந்தப் பத்து வயதில் இருந்த எடையைக் கணக்கில் சேர்த்த பிறகும் அதே முடிவு. மினசோட்டாவின் 'புராஜெக்ட் ஈட்' ஆய்விலும், டயட் இருந்த பதின்ம வயதினர் ஐந்து ஆண்டுகளில் மற்றவர்களைவிட எடை கூடுபவர்களாக, கட்டுப்பாடின்றி அள்ளி உண்பவர்களாக மாறும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அவமானப்பட்ட பிள்ளை விளையாட்டு மைதானத்துக்கு வராது. அறைக்குள் போய், யாருக்கும் தெரியாமல் தின்னும்.

"வாயைக் கட்ட மாட்டேங்குறான்" என்பவர்களுக்கு கேம்பிரிட்ஜில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1997இல் ஸ்டீபன் ஓராஹிலி, சதஃப் ஃபரூக்கி குழு இரண்டு சிறார்களைப் பற்றி எழுதியது. ஒரே குடும்பத்து உறவினர்கள். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ, இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோ. இருவருக்கும் தீராப் பசி. ஒரு மரபணுக் கோளாறால், பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் அவர்கள் உடலில் இல்லவே இல்லை. பின்னர் அந்தச் சிறுமிக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது, எடை இறங்கியது. அறிவுரை செய்த வேலை அல்ல அது. இந்தக் கோளாறு மிக அரிதானது, நம் வீட்டுப் பிள்ளைக்கு இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பசி மன உறுதியின் கையில் மட்டும் இல்லை என்பதை அது காட்டிவிட்டது.

அப்படியானால் என்ன செய்வது? குழந்தைக்குத் தனித் தட்டு வைக்காதீர்கள். தம்பிக்குப் பிஸ்கட், இவனுக்கு வெள்ளரிக்காய் என்றால் வெள்ளரிக்காயும் தண்டனையாகிவிடும். வீட்டுக்குள் குளிர்பானம் வருவது நின்றால் எல்லோருக்கும் நிற்கட்டும். வளரும் பிள்ளைகள் பலருக்கு எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை. கூடாமல் பிடித்து வைத்தால் போதும், உயரம் வளர வளரக் கணக்கு தானே சரியாகும். இதைக் கேட்டதும் முகம் மலரும் பெற்றோர் அநேகம். கடுமையான பருமனுக்கு மருந்தும் அறுவை சிகிச்சையும் வந்திருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2023இல் 12 வயது முதல் மருந்தையும் ஒரு வழியாக முன்வைக்க வேண்டும் என்றது. தேவைப்படும் பிள்ளைக்கு அதை மறுக்கக் கூடாது. ஆனால் தெருவை மாற்றாமல் மருந்தை மட்டும் நம்பினால் தலைமுறை தலைமுறையாக மருந்துதான்.

பள்ளிகளுக்குள்ளும் வாசலில் இருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவுகளை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020இலேயே விதி போட்டிருக்கிறது. பள்ளிவிடும் நேரத்தில் உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் நின்று பாருங்கள், அந்த விதியின் கதி தெரியும். நாளுக்கு ஒரு மணி நேரமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார், மாலை முழுவதும் டியூஷன். இவற்றையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள். வகுப்பில் வரிசையாக நிற்க வைத்து எடை பார்க்கும்போது எண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கும் வழக்கம் இருந்தால், அதை நிறுத்தச் சொல்லுங்கள். அட்டையில் எழுதி, மடித்து, வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் போதும். அதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.