கல்லாவுக்கு மேலே ஒரு படம்

நம் மளிகைக் கடைகளில் கல்லாவுக்கு மேலே, கடையைத் தொடங்கிய பெரியவரின் படம் மாலையோடு இருக்கும். ஆழ்வார்பேட்டையில் என் மொத்தக் கடையிலும் அப்பாவின் படம் இருக்கிறது. ஸ்டுடியோவில் எடுத்து, புரோமைடு காகிதத்தில் போட்ட கறுப்பு வெள்ளைப் படம். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, படம் மங்கவில்லை.

பக்கத்தில் உள்ள அம்மாவின் படம் அப்படியல்ல. என் பேரன் செல்போனில் எடுத்தது. அம்மா காலமானதும் அவசரத்தில் ஒரு கடையில் அச்சிட்டு, வெயில் படும் சுவரில் மாட்டினோம். மூன்றே வருடத்தில் புடவையின் சிவப்பு போய், முகமும் வெளிறிவிட்டது. மறுபடி அச்சிடலாம் என்றால் பழைய செல்போன் இல்லை. உறவினர் ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் போன பிரதிதான் கிடைத்தது. அதில் போகும்போதே படத்தின் அளவு குறைந்துவிடுகிறது, பெரிதாக்கினால் கலங்குகிறது. சிறிய படமாகத்தான் போட முடிந்தது.

காரணம் விசாரித்தேன். இங்க்ஜெட் மையில் இரண்டு ரகம். ஒன்று கரைந்த சாயம். வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். மற்றது 'பிக்மெண்ட்' என்னும் நிறமித் துகள். பல மடங்கு தாங்கும். ஓவியத் தரத்தில் அச்சிடுவோர் பிக்மெண்ட் மையையும், அமிலமில்லாத பருத்திக் காகிதத்தையும் பயன்படுத்துகிறார்கள். அவர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1991-இல் பாடகர் கிரஹாம் நாஷ் கலிபோர்னியாவில் இத்தகைய அச்சகம் தொடங்கினார். அந்தக் காலத்துச் சாய மைப் படங்கள் விலை உயர்ந்தவையாக இருந்தும் வெளிறின.

பழைய முறைக்கே திரும்பலாம் என்றால் அதுவும் எளிதல்ல. நம் உதகையில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், நிலவைக் குறிக்கும் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் காகிதமும் தந்தது. இன்று அந்த ஆலை இல்லை.

சரக்கு வாங்கும்போது ரகம் கேட்காமல் நாம் வாங்குவதில்லை. படத்துக்கும் அப்படியே கேளுங்கள்: மை சாயமா, பிக்மெண்டா? காகிதம் என்ன? செல்போனில் உள்ள படத்தை இன்னும் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், அளவு குறையாது. கண்ணாடி போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

வரும் ஆயுத பூஜைக்குப் படங்களைத் துடைக்கும்போது ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். வெளிறத் தொடங்கியிருந்தால், மூலப் பிரதி கையில் இருக்கும்போதே மறுபடி அச்சிட்டுவிடுங்கள்.