உட்கார்ந்தபடியே நடந்த கணக்கு

சேலத்திலிருந்து கொச்சி போகும் நெடுஞ்சாலையில் சங்ககிரி வந்துவிட்டது என்பதைக் கோட்டை மலை சொல்வதற்கு முன் லாரிகள் சொல்லிவிடும். பட்டை ஸ்பிரிங் கடை, டயர்க் கடை, பட்டறை, புக்கிங் ஆபீஸ் என்று ஊரே சக்கரத்தில் பிழைக்கிறது. இங்குள்ள இளவட்ட டிரைவர்களின் மணிக்கட்டில் இப்போது ஸ்மார்ட் வாட்ச் ஏறியிருக்கிறது. அது காட்டும் கணக்கு டீக்கடையில் கேலிக்கும் ஆளாகிறது. “வண்டிய உட்டு எறங்கவே இல்லீங்ணா, மூவாயிரம் அடி நடந்திருக்கறனாம்!”

இந்தப் பிழையைக் கொஞ்சம் நோண்டினால் வாட்சின் சூட்சுமம் முழுக்க வெளியே வந்துவிடும்.

இதயம், தூக்கம், மன அழுத்தம், ஆக்சிஜன் என்று திரையில் எத்தனை பக்கம் இருந்தாலும், சாதாரண வாட்சுக்குப் புலன்கள் முக்கியமாக இரண்டுதான். ஒன்று அசைவை உணரும், இன்னொன்று ஒளியைப் பார்க்கும். அசைவை உணர்வது ஒரு சிலிக்கான் சில்லு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு எடைக்கட்டி மெல்லிய சிலிக்கான் இழைகளில் தொங்குகிறது. கை அசைந்தால் கட்டி நகரும், நகர்ந்த தூரம் மின்சமிக்ஞையாக மாறும். மனிதன் நடக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு குலுக்கல். அந்தத் தாளம் தொடர்ந்து வந்தால் ‘இவர் நடக்கிறார்’ என்று வாட்ச் எழுதிக்கொள்ளும்.

லாரி எஞ்சினின் நடுக்கம் இதைக் குழப்புவதில்லை. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் 600 ஆர்.பி.எம்.மில் சும்மா ஓடினாலே நொடிக்கு 30 முறை வெடிக்கும். நடைக்கும் அதற்கும் வெகுதூரம். மென்பொருள் எளிதாகக் கழித்துவிடும். வில்லங்கம் பட்டை ஸ்பிரிங்கில்தான். லோடு ஏற்றிய வண்டியின் உடல் ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு ஒன்றரை முதல் மூன்று முறை எழுந்து தாழும். மனித நடையின் தாளமும் அதற்குள்தான் விழுகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை அந்த ஆட்டத்தை அப்படியே வாட்சுக்குக் கடத்த, உட்கார்ந்த மனிதர் நடக்கத் தொடங்கிவிடுகிறார்.

இரண்டாவது புலன், வாட்சின் அடியில் மினுங்கும் பச்சை ஒளி. ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். இதயம் துடிக்கும்போது தோலடி நுண்குழாய்களில் ரத்தம் பெருகும், திரும்பி வரும் ஒளி குறையும். அடுத்த கணத்தில் ரத்தம் வடிந்தால் ஒளி கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு கிடைத்துவிடும். 1930களிலேயே அல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்க உடலியலாளர் தோலில் ஒளி பாய்ச்சி இதை ஆராய்ந்தார். ஆச்சரியம் என்னவென்றால், திரும்பி வரும் ஒளியில் துடிப்பால் மாறுவது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். மீதி எல்லாம் தோலும் சதையும் எலும்பும் திருப்பி அனுப்பும் மாறாத ஒளி. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பதுபோன்ற வேலை இது.

வாட்ச் தளர்வாக இருந்தால் குலுக்கலில் ஒளி சிதறும். நிமிடத்துக்கு 90 துடிப்பு என்றால் நொடிக்கு ஒன்றரை. பட்டை ஸ்பிரிங்கின் தாளம் இங்கேயும் குறுக்கே வருகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வில் இருப்பதைவிட உடல் இயங்கும்போது துடிப்புக் கணக்கில் பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியது. கருத்த தோலில் வாட்ச் தப்பாகக் காட்டும் என்ற பேச்சையும் அவர்கள் சோதித்தார்கள். துடிப்பைப் பொறுத்தவரை தோல் நிறத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆக்சிஜன் கதை வேறு. கொரோனா காலத்தில் 94 என்ற எண்ணுக்காக வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிக்கொண்ட கருவியின் அடிப்படையை 1970களின் தொடக்கத்தில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. அது சிவப்பையும் அகச்சிவப்பையும் பாய்ச்சி, ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் அவற்றை எவ்வளவு விழுங்குகின்றன என்று ஒப்பிடுகிறது. 2020 டிசம்பரில் வந்த மிச்சிகன் மருத்துவர்களின் அறிக்கை அதன் ஓட்டையைக் காட்டியது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மையில் ஆக்சிஜன் 88க்குக் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். மருத்துவமனைக் கருவிக்கே இந்த நிலை என்றால், மணிக்கட்டில் தெரியும் 97ஐ நான் பெரிதாக நம்பமாட்டேன்.

தூக்கக் கணக்கு இன்னும் தள்ளி நிற்கிறது. மூளை அலையை வாட்ச் பார்ப்பதில்லை. கை அசையாமல் துடிப்பும் தணிந்திருந்தால் தூக்கம் என்று எழுதிவிடும். கேபினில் படுத்துக் கடன் தவணையை நினைத்துக்கொண்டு அசையாமல் விழித்திருந்தால் அதுவும் தூக்கமாகவே பதிவாகலாம். மாற்று டிரைவர் ஓட்ட, பின்னால் அசந்து தூங்குபவரின் தூக்கம் ஒவ்வொரு வேகத்தடையிலும் விழிப்பாக மாறலாம். நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்திருந்தது. அதை அளக்க வாட்ச் வேண்டியதில்லை.

குறையே சொல்லிக்கொண்டு போவதும் நியாயமில்லை. 1940களில் அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர், நடமாடும் மனிதரின் இதயத்தைப் பதிவுசெய்ய ஏறத்தாழ 38 கிலோ கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. இன்று வாட்ச் அணிந்து சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில், துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளி ஒழுங்கு தப்புகிறதா என்று பார்க்க முடிகிறது. ஆப்பிள் வாட்சைக் கொண்டு 4,19,297 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், 0.52 சதவீதம் பேருக்கே எச்சரிக்கை வந்தது. அவர்களில் பிறகு ஈ.சி.ஜி. பட்டை ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, பக்கவாதத்துக்கு வழிவிடும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ உறுதியானது.

கிட்டவே நெருங்கக்கூடாதது சர்க்கரை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. ஆகவே குத்தாமல் சுகர் காட்டும் வாட்ச் என்றால் விற்காமல் இருக்குமா? வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிகிராம் அளவுதான். அதன் மங்கிய ஒளித்தடத்தைத் தண்ணீரும் மற்றவையும் அமுக்கிவிடுகின்றன. அப்படி அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. மேல்கையில் ஒட்டும் வில்லை வேறு இனம். மயிரிழை போன்ற ஒன்று தோலுக்குள் இறங்கி, நொதியின் வேதிவினையால் சர்க்கரையை உண்மையாகவே அளக்கிறது. ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும், அவ்வளவுதான்.

டிரைவருக்கு முதலில் தெரியவேண்டியது பிரஷர். அங்கேதான் மலிவு வாட்ச் வெறும் யூகம் செய்கிறது. அனுமதி பெற்ற சாம்சங் வாட்சையே நான்கு வாரத்துக்கு ஒருமுறை கைப்பட்டை மெஷினோடு ஒத்துப்பார்த்துத் திருத்தவேண்டும். கையை இதயத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் தாழ்த்தினாலே ஏழெட்டுப் புள்ளி கூடிவிடும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர் மெஷினோடு வீட்டுக்கே வருகிறது. வீட்டுக்காரரோ அந்நேரம் நாக்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருப்பார். என்னைக் கேட்டால் புக்கிங் ஆபீஸ் மேசையில் ஒரு கைப்பட்டை மெஷினை வைக்கச் சொல்வேன். லோடுக்குக் காத்திருக்கும்போது முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, இருமுறை பார்த்தால் போதும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் டீயும் பீடியும் கூடாது என்ற நிபந்தனையைத்தான் சங்ககிரியில் எப்படி நிறைவேற்றுவது என்று தெரியவில்லை.