கைப்பேசி மாற்றுதலும் காத்திருத்தலும்

ஆண்டுதோறும் கல்லூரி திறக்குங் காலத்தும், கிறிஸ்துமஸ் விடுமுறை அணுகுங் காலத்தும், விடுதி அறைகளில் தவறாது எழும் வினா ஒன்றுண்டு. கையிலுள்ள கைப்பேசி வாங்கி மூன்றாண்டோ நான்காண்டோ ஆகிவிட்டது. தொட்டால் விழித்துக்கொள்ளத் தாமதிக்கின்றது. காலையில் நிரப்பிய மின்சாரம் நண்பகலுக்குள் தீர்ந்துபோகின்றது. இதனை விடுத்துப் புதியதொன்று வாங்குவதோ, அன்றி அடுத்த 'அப்டேட்' வருந்துணையும் பொறுத்திருப்பதோ என்பதே அவ்வினா. விடை கூறுவார் இரு திறத்தினர். புதுமை விரும்பும் நண்பர், "இன்றே மாற்றிவிடு" என்பர். சிக்கனம் விரும்பும் நண்பர், "பொறுத்திரு, அப்டேட் வந்தால் எல்லாஞ் சரியாகிவிடும்" என்பர். இருவரும் தத்தம் இயல்பைக் கூறினரேயன்றிக் கைப்பேசியின் இயல்பைக் கூறினாரல்லர். செலவாகும் பணமோ பெரும்பாலும் தந்தையார் ஈட்டியது. ஆதலின், இதனைச் சற்றே பொறுமையுடன் ஆராய்தல் தகும்.

கைப்பேசி ஒரு பொருள்போலத் தோன்றினும் உண்மையில் இரு பொருள்களின் சேர்க்கையாம். கண்ணாற் கண்டு கையாற் பற்றும் உறுப்புக்கள் ஒரு பாலன. அவற்றை இயக்கும் மென்பொருள் மற்றொரு பாலது. முன்னது தொழிற்சாலையை விட்டு நீங்கிய நாள்முதல் தேய்வதன்றி வளர்வதில்லை. பின்னதோ காற்றின் வழியே மீண்டும் மீண்டும் புதிதாய் வந்து சேர்வது. தமிழ் பயில்வார்க்கு விளங்கக் கூறின், முன்னதை மூலமென்றும் பின்னதை உரையென்றுங் கொள்ளலாம். மூலம் எழுதியபடியே நிற்க, உரை காலந்தோறும் புதிதாய் எழுகின்றது. சில வேளைகளில் உரை மூலத்தினுங் கடினமாய்விடுவதும் உண்டு. அத்துன்பத்தைத் தேர்வெழுதும் நம்மனோர் நன்கறிவர்.

இனி, அப்டேட் என ஒரே பெயரால் வழங்கப்படும் மென்பொருட் புதுப்பிப்புக்களும் ஒரு தன்மையன அல்ல. ஆண்டுக்கொருமுறை முரசறைந்து வருவது ஒன்று. அஃது இயங்குதளத்தின் புதிய பதிப்பு, முகப்பை மாற்றும், புதிய வசதிகளைச் சேர்க்கும். ஆரவாரமின்றி வருவது மற்றொன்று. அது திருடர் நுழைதற்கேற்ற துளைகளை அடைப்பது. 2015-ம் ஆண்டு ஜூலையில் ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்னுங் குறை வெளிப்பட்டது. தீய நோக்குடன் அமைத்த படச்செய்தி ஒன்றை அனுப்புவதனாலேயே பிறர் கைப்பேசியினுட் புகலாம் என்பது அதனாற் புலனாயிற்று. அடுத்த மாதமே கூகிள் நிறுவனத்தார் மாதமுறையிற் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கினர். பொறுத்திருப்பார் பலரும் முன்னதன் பொருட்டே பொறுத்திருக்கின்றனர். அவர்க்கு இன்றியமையாததோ பின்னது.

இவ்வேற்றுமையை மனத்திற்கொண்டு ஐபோன் 6 என்னுங் கைப்பேசியின் வரலாற்றைச் சிறிது விரிவாகக் காண்போம். பழங்கதையே யாயினும், பொறுத்திருந்தார் பெற்றது யாது, பொறாதார் இழந்தது யாது என்பன யாவும் தெரிந்துவிட்ட கதையாதலின், நமக்கு அதுவே தக்கது.

அக்கைப்பேசி 2014-ம் ஆண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 8 என்னும் இயங்குதளத்துடன் விற்பனைக்கு வந்தது. ஈராண்டு கழிந்தபின், அதனையும் அதன்பின் வந்த 6எஸ் என்பதனையும் உடையார் சிலர் ஒரு விந்தை கண்டனர். மின்சாரம் இன்னும் எஞ்சியுள்ளதாகத் திரை காட்டிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி திடீரென அணைந்தது. 2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 என்னும் புதுப்பிப்பு வந்தது. அணைதல் பெரிதுங் குறைந்தது. ஆனாற் கைப்பேசி மந்தமாயிற்று. புதியது வாங்கச் செய்தற்கே ஆப்பிள் நிறுவனத்தார் பழையதை வேண்டுமென்று மந்தமாக்குகின்றனர் எனப் பலர் முணுமுணுத்தனர். அவ்வாண்டின் இறுதியில் ஒருவர் தம் கைப்பேசியின் பழைய மின்கலத்தை நீக்கிப் புதியது இட்டு, அது பண்டை விரைவை மீண்டும் பெற்றதை அளந்து வெளியிட்டார். பிறரும் அளந்தனர். டிசம்பரில் நிறுவனத்தார் உண்மையை ஒப்புக்கொண்டனர்.

உண்மை யாதெனின்: கைப்பேசியில் உள்ள லித்தியம் மின்கலம், அஃதாவது பாட்டரி, நிரப்புந்தோறும் வடியுந்தோறும் சிறிது சிறிதாக மூப்படைகின்றது. மூப்பின் அடையாளங்கள் இரண்டு. கொள்ளும் மின்சாரத்தின் அளவு குறைதல் ஒன்று. இதனை யாவரும் அறிவர். உள்ளிருக்குந் தடை மிகுதல் மற்றொன்று. இதனை அறிவார் சிலரே. செயலி கடும்பணி செய்யும் கணத்தில் மிகுந்த மின்னோட்டத்தை வேண்டுகின்றது. இளைய மின்கலம் அதனைத் தளராது கொடுக்கும். மூத்த மின்கலமோ கொடுக்கும்போதே அழுத்தங் குன்றித் தாழ்கின்றது. அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழ்த் தாழின், உறுப்புக்களைக் காத்தற்பொருட்டுக் கைப்பேசி தானே அணைந்துவிடும். இதனைத் தடுத்தற்கே அப்புதுப்பிப்பு, செயலியின் விரைவைத் தளர்த்தி, அது மிகுதியாகக் கேளாதவாறு செய்தது. முதிய மாட்டின் வண்டியிற் பாரத்தைக் குறைத்ததனோடு இஃதொக்கும். செய்கையிற் பிழையில்லை, சொல்லாது செய்தமையே பிழை. பிரான்சு நாட்டார் 2020-ம் ஆண்டு அந்நிறுவனத்திற்கு 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்ததும், மந்தமாக்கியதற்கன்று, வாங்கியோர்க்கு அறிவியாமைக்கே.

நிற்க. நிறுவனத்தார் மன்னிப்புக் கேட்டதோடமையாது, மின்கலம் மாற்றுங் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக 2018-ம் ஆண்டு முழுவதற்குங் குறைத்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 12 வந்தது. புதிய அணிகலன்களைப் பூட்டுவதினும் பழைய கைப்பேசிகளை விரைவுபடுத்துவதே அதன் முதன்மையான நோக்கமென அறிவிக்கப்பட்டது. ஐபோன் 6 பிளஸ் கொண்டு சோதித்ததில், எழுத்துப்பலகை 50 விழுக்காடு வரையும், படக்கருவி 70 விழுக்காடு வரையும் விரைந்து தோன்றும் என்றனர். ஆக, 2017-ல் மனம் வெதும்பிப் புதியது வாங்கியவர் நூற்றுக்கணக்கான டாலர் செலவிட்டனர்; பொறுத்திருந்தவரோ 29 டாலர் செலவிலே, ஏறக்குறையப் புதுக்கருக்கு மாறாத கைப்பேசியைப் பெற்றனர். இங்ஙனம் பெற்றவர் ஒருவர் இருவர் அல்லர். 2019 ஜனவரியில் ஆப்பிளின் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்க்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்த்த வருவாய் கிட்டாமைக்குக் காட்டிய காரணங்களுள், மக்கள் மலிவாக மின்கலம் மாற்றிக்கொண்டமையும் ஒன்று. வணிகர்க்கு நட்டமாயினமை போலப் பொறுமைக்குப் பிறிதொரு நற்சான்று வேண்டுமோ?

ஆயின், இவ்விடத்தில் கதை முடியவில்லை. ஒருமுறை பொறுத்துப் பயன் கண்டவர் மறுமுறையும் பொறுத்தனர். 2019 செப்டம்பரில் ஐஓஎஸ் 13 வந்தது. ஐபோன் 6-க்கு வரவில்லை. அதன் வேலை நினைவகம் 1 ஜிபி. 2 ஜிபி உடைய 6எஸ் சேர்த்துக்கொள்ளப்பட, 1 ஜிபி உடையன யாவும் விலக்கப்பட்டன. புதிய உரையைத் தாங்கும் வலி மூலத்திற்கு இல்லையாயிற்று என்க. அதன்பின் எத்துணைக் காலம் பொறுத்திருந்தாலும் பெரும் புதுப்பிப்பு வருதற்கில்லை. எனினும், சிறு புதுப்பிப்பு நின்றுவிடவில்லை. தீயோர் ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிய துளையொன்றை அடைத்தற்பொருட்டு, 2023 ஜனவரியிலும் ஐஓஎஸ் 12.5.7 என்னுந் திருத்தம் அதற்கு வந்தது. எட்டாண்டு கழிந்த கருவிக்கு இது பெருங் கொடையேயாம்.

இதனினும் வியப்பானதொரு செய்தி ஐபோன் 5-ஐப் பற்றியது. செயற்கைக்கோள்களின் வழி இடமறியும் ஜிபிஎஸ் முறையில் வாரங்களை எண்ணும் எண் 1,024 ஆனவுடன் மீண்டுஞ் சுழியிலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரலில் அவ்வாறு தொடங்கிற்று. ஐபோன் 5-க்கு அதன் விளைவு அவ்வாண்டு நவம்பர் 3-ம் நாள் நேர்வதாயிருந்தது. 2012-ல் வந்த அக்கைப்பேசிக்கு, அதன்பொருட்டே ஜூலையில் ஒரு சிறு திருத்தம் விடப்பட்டது. முகப்பு மாறாது, வசதி கூடாது, விரைவும் மிகாது. ஆனால் அதனை ஏற்காதார் கைப்பேசி நாளையும் இடத்தையும் பிறழ அறியும். மின்னஞ்சல் முதலியனவுந் தடைப்படும். 'பழையதற்கு இனி அப்டேட் எதற்கு?' என்று கையைத் தட்டி ஒதுக்குவார் இதனை எண்ணுக.

இயங்குதளமும் பாதுகாப்பும் அன்றி மூன்றாவதொரு கடிகாரமும் ஓடுகின்றது. அது செயலிகளைச் செய்வாருடையது. வாட்ஸ்அப் 2025 மே முதல் ஐஓஎஸ் 15.1-க்கு முற்பட்ட பதிப்புக்களில் இயங்காதென அறிவிக்கப்பட்டது. அன்றோடு ஐபோன் 6 உடையார்க்கு ஐயம் நீங்கிற்று. கருவி பழுதுறவில்லை, திரை உடையவில்லை, ஆனால் உற்றார் உறவினரெல்லாம் கூடியிருக்கும் மன்றத்தின் கதவு மூடப்பட்டது.

ஆண்ட்ராய்டின் நிலை இன்னுஞ் சிக்கலுடைத்து. ஆப்பிள் கருவியும் மென்பொருளும் ஒரே இல்லத்திற் பிறப்பன. ஆண்ட்ராய்டிலோ கூகிள் எழுதியதைச் சில்லு செய்யும் குவால்காம், மீடியாடெக் போன்றோர் தம் சில்லுக்கு இயைக்க வேண்டும். பின்னர்க் கைப்பேசி செய்வோர் தம் கருவிக்கு இயைக்க வேண்டும். ஒருவர் கைவிடினுஞ் சங்கிலி அறும். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-ல் இச்சங்கிலியைச் சுருக்க 'டிரெபிள்' என்னும் அமைப்பு வகுக்கப்பட்டது. 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்குக் கூகிளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்குச் சாம்சங்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பு அளிப்பதாக உறுதி கூறின. ஆனால் நம்மனோர் வாங்கும் விலைகுறைந்த கைப்பேசிகளுக்கு இத்துணை நீண்ட உறுதி இல்லை. எனவே, ஆண்ட்ராய்டு உடையார் 'பொறுத்திருப்பேன்' என்று கூறுமுன், செய்தவர் எந்நாள்வரை தருவதாக வாக்களித்துளர் என்று தேடிக் காணல் வேண்டும். வாக்கே அளியாதவரிடம் பொறுத்திருத்தல், நில்லாத ரெயிலுக்கு நிலையத்திற் காத்திருத்தலாம்.

வந்த புதுப்பிப்பெல்லாம் நன்மையே செய்யும் என்பதற்கும் இடமில்லை. 2020-ல் வெளிவந்த பிக்சல் 4ஏ-க்கு வாக்களித்த மூவாண்டு 2023 ஆகஸ்டில் முடிந்தது. அதன்பின், 2025 ஜனவரியில், யாரும் எதிர்பாராத புதுப்பிப்பொன்று தானே வந்து புகுந்து, அவற்றுட் சிலவற்றின் மின்கலக் கொள்ளளவைக் குறைத்துவிட்டது. கூகிள் நிறுவனத்தார் அவற்றை உடையார்க்கு இலவசமாக மின்கலம் மாற்றித் தரவோ, ஈடாகப் பணம் அளிக்கவோ முன்வந்தனர். ஈண்டும் நோயின் இருப்பிடம் மின்கலமே என்பது காண்க. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் வழங்கும் விதியில், 800 முறை நிரப்பி வடித்தபின்னும் மின்கலம் 80 விழுக்காட்டுக் கொள்ளளவேனும் உடையதாதல் வேண்டுமென வரையறுத்ததும் இதுபற்றியே.

ஆகவே, மந்தமாகிய கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வருந்துவார், கடையை நோக்கி நடக்குமுன் மின்கலத்தை நோக்குதல் முறை. அதனை மாற்றியும் பயனின்றேல், அல்லது பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோயிருந்தால், பொறுத்திருத்தற்கு யாதொரு காரணமும் இல்லை. முகப்பழகு மிகும் என்றோ, புதிய பதிப்பின் பெயர் தம் கருவியிலும் தோன்றும் என்றோ பொறுத்திருப்பதை யாம் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. நண்பர் சிலர்க்கு இக்கருத்து உவப்பாகாது, ஆகாதொழிக.

இறுதியாக, நம் வீடுகளுக்கே உரிய வழக்கம் ஒன்றைப்பற்றிக் கூறவேண்டும். நம்மிடத்துப் பழைய கைப்பேசியை எவரும் எறிந்துவிடுவதில்லை. மகன் புதியது வாங்கினால் பழையது அன்னையார் கைக்குச் செல்லும். "எனக்கு இது போதும்" என்று அவரும் மகிழ்ந்து பெற்றுக்கொள்வர். எம் வீட்டிலும் அவ்வாறே நடந்தது. அன்னையார் அதில் ஞாயிறு ஆராதனையின் பாடல்களைக் கேட்பர். உறவினர்க்குத் திருவசனம் அனுப்புவர். இவையெல்லாம் எவ்வளவு பழைய கருவியிலுஞ் செய்யலாம். ஆனால் பால்காரருக்கும் காய்கறிக் கடைக்கும் யூபிஐ வழியே பணம் செலுத்துவதும் அதிலேயே. சென்ற விடுமுறையில், அமைப்புக்கள் என்னும் பகுதியைத் திறந்து பாதுகாப்புத் திருத்தத்தின் நாளைப் பார்த்தோம். ஈராண்டுக்கு முன்னர் அது நின்றுபோயிருந்தது. பரிசு விழுந்ததென்றும், மின்கட்டணம் நிலுவையென்றும் வரும் பொய்ச்செய்திகளைக் கண்டறியும் பழக்கம் வீட்டில் யாவரினுங் குறைந்தவர் அவர். துளைகள் யாவரினும் மிகுந்த கருவியும் அவர் கையது. குடும்பத்தின் மாதச் செலவுக்கான பணமும் அதனுள். எமக்குப் போதாதென்று யாம் கழித்ததை அவர்க்குப் போதுமென்று கொடுத்தபொழுது, இதனை எண்ணினோமில்லை.

அன்றே அக்கைப்பேசியிலிருந்து வங்கிச் செயலியை நீக்கினோம். இவ்வாண்டு எமக்கெனப் புதியது வாங்கத் தந்தையார் எடுத்து வைத்திருந்த பணத்தில், திருத்தம் நெடுங்காலம் வருமென உறுதி கூறப்பட்ட நடுத்தர விலைக் கைப்பேசியொன்று அன்னையாருக்கு வாங்கப்பட்டது. "இது உனக்கல்லவா?" என்று அவர் இருமுறை கேட்டார். எம் கைப்பேசிக்கு மின்கலம் மட்டும் மாற்றினோம். இப்பொழுது மாலை வரை தாங்குகின்றது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் அடுத்த ஆண்டு வரை உண்டு.