நின்ற மூச்சு திரும்புவது எப்படி?

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள் அளவு மீறும்போது பெரும்பாலும் மூச்சு அடங்கித்தான் உயிர் போகிறது. ஏன்? மூச்சின் தாளத்தை உண்டாக்குவது முகுளத்தில் உள்ள ப்ரீ-பெட்சிங்கர் என்ற சிறு நரம்புக் கூட்டம். வலியை அடக்க இம்மருந்துகள் பற்றிக்கொள்ளும் 'மியூ' ஏற்பிகள் அங்கும் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் தாளம் தளர்கிறது. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் மூளை பதறுவதில்லை. மூச்சு குறைவது மருந்து எடுத்தவருக்கே உறைக்காது; கொடுமை அதில்தான் இருக்கிறது.

இதற்கு முறிமருந்து நாலாக்சோன். அமெரிக்காவில் 1971இல் அனுமதி பெற்றது. பூட்டுக்குள் நுழைந்தும் அதைத் திறக்காத சாவி மாதிரி, மார்ஃபினைத் தள்ளிவிட்டு ஏற்பியில் உட்கார்ந்துகொள்ளும், அதை இயக்காது. நரம்பில் ஏற்றினால் ஓரிரு நிமிடங்களில் மூச்சு திரும்பத் தொடங்கும். 2023 முதல் அங்கே மூக்கு ஸ்பிரேயாக மருந்துச் சீட்டின்றியே கிடைக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் பயனில்லை, பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும்.

அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்வரைதான். மெத்தடோன் போல நீண்ட நேரம் நிற்கும் மருந்தென்றால் மூச்சு மறுபடி அடங்கலாம். எனவே, கண் விழித்தவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும்.

இன்னொரு தொல்லை: மூச்சோடு வலியும் திரும்பிவிடும். அதனால்தான் ஆம்பகைன்கள் என்ற மருந்துகள் மேல் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு கண். இவை மியூ ஏற்பியைத் தொடாமல், குளுட்டமேட் என்ற நரம்புக் கடத்தி வழியாகத் தாள நரம்புகளை உசுப்புகின்றன. சிஎக்ஸ்717 என்ற ஆம்பகைனை, ஓபியாய்டு கொடுக்கப்பட்ட ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் சோதித்தபோது மூச்சுத் தளர்ச்சி குறைந்தது. வலி நிவாரணம் குறையவில்லை.